பதினான்கு தடவை நலம்

கல்பிட்டி,
12 ஜனவரி 2025

அன்பு மகள் றிஃப்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன நோன்புக்கு வந்திருந்தபோது, கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த என்னிடம் நீ ஒரு கேள்வி கேட்டாய். "உம்மா, ஒரு பிள்ளைக்குப் பாடம் விளங்கிட்டு எண்டு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" தலையாட்டுவதை வைத்துத்தான் என்றேன். நீ சிரித்தாய். முப்பத்தொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவளைப் பார்த்துச் சிரித்த அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது.

இதையெல்லாம் போனில் கதைக்க முடியாது. பாதியில் உன் வாப்பா போனை வாங்கி, நோர்வேயில் இன்றைக்கு என்ன மீன் என்று தொடங்கிவிடுவார். அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

நீ அனுப்பிய பதினொரு கருவிகளையும் கொழும்பிலிருந்து உங்கள் ஆள் அஸ்மி தம்பி கொண்டுவந்து தந்தார். மஞ்சள் நிறம், சவர்க்காரக் கட்டி அளவு, கழுத்தில் மாட்ட ஒரு நாடா. நான் விளங்கிக்கொண்டதைச் சொல்கிறேன், பிழையென்றால் திருத்து. கடலில் போன் வேலை செய்யாத தூரத்திலும் இது வேலை செய்யும். ஒரே ஒரு பட்டன். தட்டிவிட்டால் வீட்டுப் போனுக்கு "நான் நலம்" என்று, நிற்கும் இடத்தோடு செய்தி வரும். ஐந்து செக்கன் விடாமல் அமர்த்தினால் "ஆபத்து" என்று கரையில் உள்ள மீட்பு நிலையத்துக்குப் போகும். நலத்துக்குப் பச்சை விளக்கு ஒரு தரம் மின்னும், ஆபத்துக்கு மூன்று தரம். நம் வீட்டு அழைப்புமணியைப் போல. தட்டிவிட்டு நின்றால் விருந்தாளி, விடாமல் அமர்த்தினால் உன் சாச்சி.

கடலுக்குப் போகிற ஆட்களுக்குக் கொடுத்தாயிற்று. பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். எல்லோருக்கும் மூத்தவரான மீராசாஹிப் நானா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் பாட்டுக் கேட்கலாமா என்றார். அவரும் அவருடைய மருமகன் சுஹைரும் ஒரே போட்டில் போகிறவர்கள் என்பதால் இருவருக்கும் ஒன்று; ஆக, பதினொரு கருவிக்குப் பன்னிரண்டு பேர்.

போன வருடம் கடலுக்குப் போய்த் திரும்பாத இருவரின் வீடும் நம் ஒழுங்கையில்தான் இருக்கிறது. அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம், நீ செய்கிற வேலை பலிக்க வேண்டும் என்று துஆ கேட்கிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொள்.

உன்
உம்மா ஜுனைதா


ட்ரொண்ட்ஹைம்,
20 ஜனவரி 2025

அன்புள்ள உம்மாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். எல்லாம் சரியாகத்தான் விளங்கியிருக்கிறீர்கள். சாச்சி உதாரணத்தை இங்கே மொழிபெயர்த்துச் சொன்னேன், இரண்டு நாள் சிரித்தார்கள்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். படிப்பிக்காதீர்கள். உங்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அஸ்மி காட்டித் தந்தது போதும். அதற்கு மேல் யாராவது தடுமாறினால், தடுமாற விட்டு, எங்கே தடுமாறினார் என்று மட்டும் எழுதி வையுங்கள். பெப்ரவரி பதினைந்தாம் தேதி அஸ்மி கமராவோடு வந்து ஒவ்வொருவரையும் ஆபத்துச் செய்தி அனுப்பச் சொல்வார். அன்று சோதனை எழுதுவது கருவிதான், அவர்கள் அல்ல. ஒருவர் பிழைவிட்டால் எனக்கு அது தங்கம்.

மே பதினைந்தில் அறிக்கை. அது சரியென்றால் இதே கருவி இதே வடிவத்தில் முந்நூறு செய்து, சிலாபத்திலிருந்து மன்னார் வரை கொடுப்பார்கள். ஆட்கள் தடுமாறும் இடத்தை நாங்கள் இப்போது முற்றத்தில் பார்க்காவிட்டால், பிறகு கடலில்தான் பார்ப்போம். அதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

வாப்பாவுக்குச் சொல்லுங்கள், இன்றைக்கும் சால்மன்தான்.

றிஃப்னா


கல்பிட்டி,
17 பெப்ரவரி 2025

அன்பு மகள் றிஃப்னாவுக்கு,

அல்ஹம்துலில்லாஹ். அஸ்மி தம்பி சொல்லியிருப்பார். பன்னிரண்டு பேரில் பன்னிரண்டு பேரும் சரி. ஒருவர்கூட இடையில் விரலை எடுக்கவில்லை. மீராசாஹிப் நானா பச்சை விளக்கு மூன்று தரம் மின்னியதும் கருவியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். தலவிலையிலிருந்து வந்த ஜோர்ஜ் கமராவைப் பார்த்துத் தலைசீவிக்கொண்டு வந்துதான் கதிரையில் உட்கார்ந்தார்.

அஸ்மிக்கு ஆச்சரியம். வேறு இடங்களில் பாதிப் பேருக்கு மேல் பிழைவிட்டார்களாம். நம் ஆட்கள் கெட்டிக்காரர் என்றேன்.

முந்தின நாள் பின்னேரம் எல்லோரும் வீட்டுப் பக்கம் வந்திருந்தார்கள். தேத்தண்ணி குடித்தோம், கொஞ்சம் கதைத்தோம். அதைப் படிப்பித்தல் என்று சொல்ல முடியாது. சும்மா ஒரு கதை, அவ்வளவுதான்.

நீ ஒழுங்காகச் சாப்பிடு. இனிப் பயம் இல்லையே.

உம்மா


ட்ரொண்ட்ஹைம்,
26 பெப்ரவரி 2025

அன்புள்ள உம்மாவுக்கு,

வீடியோக்கள் வந்தன. எங்கள் அலுவலகப் பெரியவர் மூன்று தரம் பார்த்தார். நூற்றுக்கு நூறு என்பது இந்தத் தொழிலில் யாரும் காணாத பெறுபேறு என்று தாடையைத் தடவினார். ஆனால் சந்தோசம்தான். அறிக்கையை எழுதும் பொறுப்பையும் என்னிடமே தந்திருக்கிறார்.

எனக்கும் சந்தோசம். ஆனாலும் உள்ளே ஏதோ ஒன்று அமரமாட்டேன் என்கிறது. அந்தப் பின்னேரம் என்ன கதைத்தீர்கள் என்று எழுதுங்கள், உம்மா. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

றிஃப்னா


கல்பிட்டி,
23 ஏப்ரல் 2025, அஸர் தொழுகைக்குப் பிறகு

மகள்,

இரண்டு தரம் போன் எடுத்தேன், நீ கூட்டத்தில் இருக்கிறாய் போல. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் எழுதுகிறேன்.

சுஹைரும் மீராசாஹிப் நானாவும் சுபஹ் தொழுகையோடு கடலுக்குப் போனவர்கள். ஒன்பது மணிக்குப் பிறகு கச்சான் காற்று எழும்பியது. மற்றப் போட்டுகள் எல்லாம் திரும்பிவிட்டன. ளுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி சுஹைரின் மனைவி அஸ்ரியா நம் வாசலில் வந்து நின்றாள். முந்தானையை ஒழுங்காகப் போடக்கூட இல்லை. போனை என் கையில் தந்தாள். "நான் நலம்", "நான் நலம்", "நான் நலம்" என்று ஒன்றன் கீழ் ஒன்றாக.

நல்லதுதானே பிள்ளை என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"டீச்சர், கலியாணம் முடிச்சுப் பத்து வருசமா ஒரு நாளைக்கி ரெண்டு தரம் கூட என்ன விசாரிக்காத மனிசன். முதல் ரெண்டு வந்தப்ப நானும் சிரிச்சன், இண்டைக்கி என்ன பாசம் பொங்குது எண்டு. இப்ப ஒம்பது தரம் நலம் எண்டு சொல்றாரு. இது நலமில்ல டீச்சர்."

அவள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே பத்தாவது வந்தது.

அஸ்மியை அழைத்து, செய்தியில் இருந்த இடத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னோம். கரைக்குத் திரும்பியிருந்த இன்ஷாபின் போட்டும் ஜோர்ஜின் போட்டும் அந்தக் காற்றிலேயே போயின. பதினான்காவது செய்தி ஒன்றே காலுக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

அஸ்ரியா நம் குசினி அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். போனைத் திருப்பி வைக்கவும் மாட்டாள், பார்க்கவும் மாட்டாள். மீட்பு நிலையத்துக்கு ஆபத்துச் செய்தி ஒன்றுகூட வரவில்லையாம். ஏன் வரவில்லை, மகள்? துஆச் செய்.

உம்மா


ட்ரொண்ட்ஹைம்,
25 ஏப்ரல் 2025

அன்புள்ள உம்மாவுக்கு,

நேற்று வாப்பா போனில் "ரெண்டு பேரும் உயிரோட" என்று சொன்னதும் அலுவலகப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். இருபது மணித்தியாலம் கவிழ்ந்த போட்டின் அடியைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நுரைச்சோலைப் பக்கமாக ஒதுங்கியவர்களை இன்ஷாப் கண்டிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. வாப்பா சொன்ன மீராசாஹிப் மாமாவின் சிறுநீரகக் கோளாறு எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள்.

இங்கே கருவியின் பதிவு வந்துவிட்டது. பதினான்கு தடவை அமர்த்தப்பட்டிருக்கிறது. எல்லாமே குறைந்த நேரம். ஆகக் கூடியது இரண்டரை செக்கன். அதனால்தான் பதினான்கும் "நலம்" என்று போயிருக்கின்றன.

உம்மா, இங்கே இப்படிச் சொல்கிறார்கள். கருவியில் பிழை இல்லை, பன்னிரண்டு பேரும் சோதனையில் சரியாகச் செய்தார்களே, எனவே இது பாவித்தவரின் பிழை என்று எழுதிவிட்டு மேலே போகலாம். அறிக்கைக்கு இருபது நாள்தான் இருக்கிறது. நான் அப்படி எழுதினால் முந்நூறு கருவிகளும் இதே பட்டனோடு வரும். எழுத மாட்டேன் என்றால் ஒரு காரணம் வேண்டும்.

அன்று முற்றத்தில் சுஹைரின் விரல் ஐந்தரை செக்கன் அசையாமல் நின்றது. நானே அளந்தேன். அதே விரல் கடலில் ஏன் நிற்கவில்லை? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

றிஃப்னா


கல்பிட்டி,
28 ஏப்ரல் 2025

அன்பு மகளுக்கு,

மீராசாஹிப் நானா தேறி வருகிறார். தண்ணீர் இல்லாமல் கிடந்ததால் வந்த கோளாறு, சுகமாகிவிடும் என்று டாக்டர் சொன்னாராம்.

நீ கேட்டதற்கு எனக்கு என்ன தெரியும்? பயத்தில் மறந்திருப்பார்கள். படித்த பிள்ளையே சோதனை மண்டபத்தில் மறந்துபோகிறது. உங்கள் ஆட்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம்.

எனக்கு இரண்டு நாளாகத் தலைவலி. நீண்டு எழுத முடியவில்லை.

உம்மா


கல்பிட்டி,
3 மே 2025

என் மகள் றிஃப்னாவுக்கு,

போன கடிதத்தைக் கிழித்துப் போடு. அதில் நான் எழுதியது பொய். உன் பதில் வரும்வரை காத்திருக்க முடியாமல் இதை எழுதுகிறேன்.

பெப்ரவரி பதினான்காம் தேதி பின்னேரம் நான் படிப்பித்தேன். நீ வேண்டாம் என்று எழுதிய கடிதம் அலுமாரியில் இருக்கும்போதே படிப்பித்தேன்.

அன்று முதலில் ஒவ்வொருவரையும் செய்து பார்க்கச் சொன்னேன். சரியாகச் செய்தவர்கள் மூன்று பேர். ஒருவர் மூன்று செக்கனில் விட்டார், ஒருவர் விளக்கு மின்னுகிறதா என்று பார்க்க விரலை எடுத்தார். மீராசாஹிப் நானாவுக்கு நான்கு தரமும் பிழைத்தது. தான் கடல் பழக்கி வளர்த்த பிள்ளைகளுக்கு முன்னால் அந்த மனிதனின் முகம் சுருங்கிப்போனது. "பெயில் எண்டா பேர வெட்டிருவாங்களா டீச்சர்?" என்று கேட்டார். நீ அங்கே இருந்திருந்தால் அந்த ஒன்பது பிழையையும் தங்கம் என்று எழுதியிருப்பாய். நான் ஒன்பது பிள்ளைகள் பெயிலாகப் போவதைத்தான் கண்டேன். கல்வி அதிகாரி வரும் நாளில், முந்தின நாள் நடத்திய பாடத்தையே திரும்ப நடத்துவோம். பிள்ளைகள் படபடவென்று பதில் சொல்லும். அவரும் சந்தோசம், நாங்களும் சந்தோசம். முப்பத்தொரு வருடம் செய்த வேலை, மகள். கை தானாகப் போய்விட்டது.

ஐந்து செக்கனை அவர்களுக்கு எப்படி அளந்து கொடுப்பது என்று யோசித்தேன். எண்ணச் சொன்னால் ஆளுக்கொரு வேகத்தில் எண்ணுகிறார்கள். அப்போதுதான் எனக்கு அந்தக் கெட்டித்தனம் தோன்றியது. "விரல வச்சிட்டு பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம் எண்டு ஆறுதலா ஓதுங்க. ஓதி முடிஞ்சா விரல எடுங்க" என்றேன். கடிகாரத்தைப் பார்த்தேன், சரியாக ஐந்தரை செக்கன். ஜோர்ஜ், "அப்ப நமக்கு?" என்று கேட்டார். அருள்நிறைந்த மரியே சொல்லுங்கள் என்றேன். "அது நீளம் டீச்சர், நான் முடிக்கிறதுக்குள்ள கப்பலே வந்திரும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். இரண்டு சுற்றில் பன்னிரண்டு பேரும் சரியாகச் செய்தார்கள். அன்று எனக்கு ஓய்வு பெற்றது மறந்தே போனது.

முந்தநாள் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுஹைர் கட்டிலில் எழும்பி உட்கார்ந்திருந்தார். உதடெல்லாம் வெடித்திருக்கிறது. நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

"நீங்க சொல்லித் தந்த மாதிரித்தான் டீச்சர் செஞ்சன். பதினாலு தரமும் முழுசா ஓதினன். ஒரு தரம் கூட அரைகுறயா விடல்ல. பச்ச மின்னிச்சு. போயிட்டு எண்டு நெனச்சு மாமாக்கிட்டயும் சொன்னன், வருவாங்க எண்டு."

எனக்கு விளங்கவில்லை. முழுவதும் ஓதினால் எப்படி இரண்டு செக்கன்? அன்று கடலில் ஓதியதைப்போல் ஒரு தரம் ஓதச் சொன்னேன். அவர் கண்ணை மூடினார். கட்டில் கம்பியை இடது கையால் இறுக்கிப் பிடித்தார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

இரண்டு செக்கன், மகள். ஒரு எழுத்தும் விடவில்லை. ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில் தலை மேலே இருக்கும் நேரத்துக்குள் ஓதிய பிஸ்மில்லாஹ் அது. என் முற்றத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஓதியது வேறு.

அவர்கள் மறக்கவில்லை. சொன்னதைச் சொன்னபடியே செய்தார்கள். பிழையை நான் படிப்பித்தேன், அவர்கள் பிழையாமல் படித்தார்கள்.

உன் பெயரில் அறிக்கை போகிறது. இது உன் வேலைக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பதினைந்தாம் தேதிக்கு முன் இதை உன் பெரியவருக்குக் காட்டு. என் பெயரைப் போட்டே காட்டு.

உம்மா


ட்ரொண்ட்ஹைம்,
8 மே 2025

உம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை மொழிபெயர்த்து, ஒரு வரியும் விடாமல், பெரியவரிடம் கொடுத்தேன். வரைவு அறிக்கையைத் திருப்பி எடுத்துக்கொண்டோம். முந்நூறு கருவி வேலையை நிறுத்தச் சொல்லியாயிற்று. "பாவித்தவரின் பிழை" என்ற வரி போய்விட்டது. அதை எழுதும் பொறுப்பும் என்னிடமிருந்து போய்விட்டது. என் ஒப்பந்தம் ஜூலையில் முடிகிறது. அதற்குப் பிறகு என்ன என்று யாரும் என்னிடம் கதைக்கவில்லை.

நான் கோபமாகத்தான் இருக்கிறேன், உம்மா. அதை மறைத்து எழுத முடியவில்லை. போன மாதம் நான் கேட்டபோதே சொல்லியிருக்கலாம். பெப்ரவரியில் கேட்டேனே, அப்போது சொல்லியிருந்தால் அந்தப் பதினான்கு செய்தியும் இல்லை.

ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். நேற்று அந்த வீடியோக்களைத் திரும்பப் பார்த்தேன். பன்னிரண்டு பேரின் உதடும் அசைகிறது. பெப்ரவரியிலேயே என்னோடு வேலை செய்யும் இங்ரிட் அதைக் கண்டாள். இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள். எங்கள் ஊரில் எதைத் தொடங்கினாலும் இப்படித்தான் சொல்வார்கள், அது வழக்கம் என்றேன். அவளும் விட்டுவிட்டாள். அந்த மொழி தெரியாதவள் கேட்டாள். தெரிந்த நான் கேட்கவில்லை. அந்த ஊரில் பிறந்தவள் என்பதற்காகத்தான் இந்த வேலையை எனக்குத் தந்தார்கள்.

எனவே கோபம் முழுவதும் உங்கள் மீது இல்லை. எவ்வளவு உங்கள் மீது, எவ்வளவு என் மீது என்று இன்னும் பிரிக்க முடியவில்லை.

கடலில் இப்போதும் பத்துக் கருவிகள் இருக்கின்றன. அதுதான் என்னைத் தின்கிறது.

றிஃப்னா


கல்பிட்டி,
13 மே 2025

அன்பு மகள் றிஃப்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பிரிக்க வேண்டாம், மகள். பிரித்து யாருக்கு என்ன கொடுக்கப்போகிறாய்? கோபம் இருக்கும்வரை இருக்கட்டும். எழுதுவதை மட்டும் விட்டுவிடாதே.

பத்துக் கருவியைப் பற்றி. சனிக்கிழமையிலிருந்து ஒவ்வொரு வீடாகப் போனேன். வாப்பா கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். எல்லா வீட்டிலும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னேன். டீச்சர் சொல்லித் தந்தது பிழை, ஓதி அளக்க வேண்டாம், பச்சை மூன்று தரம் மின்னும்வரை விரலை எடுக்க வேண்டாம். இது போதாது என்று எனக்கே தெரியும். முகத்தில் அலை அடிக்கும்போது யார் விளக்கை எண்ணுவது? அதனால் மனைவிமாரிடம் இன்னொன்றும் சொல்லி வைத்தேன். "நலம்" என்று மூன்று தரத்துக்கு மேல் வந்தால் நலமில்லை, உடனே இன்ஷாபின் வீட்டுக்கு ஓடுங்கள். அது என் யோசனை அல்ல, அஸ்ரியாவின் யோசனை. அவள் பெயரைச் சொல்லியே சொன்னேன்.

ஒழுங்கையின் முனையில் இரண்டு பேர் என் காதுபட ஏதோ சொன்னார்கள். சொல்லட்டும். கடைசியாக மீராசாஹிப் நானாவின் வீட்டுக்குப் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "அண்டைக்கி நாலு தரம் பிழைச்ச என்ன அப்படியே விட்டிருக்கலாமே டீச்சர். என்ட பிழையாவது உண்மையா இருந்திருக்கும்" என்றார். ஏச்சு இல்லை, சத்தமும் இல்லை. மகளிடம் சொல்லி எனக்குத் தேத்தண்ணி தந்தார். குடித்தேன்.

இனி உன் அலுவலகத்துக்கு ஒரு செய்தி. இனி இந்த வேலையை யார் செய்தாலும் சரி. அறிக்கையை யார் எழுதினாலும், "ஐந்து செக்கன்" என்று எழுதுவதற்கு முன் ஒன்றைச் செய்து பார்க்கட்டும். நான் நேற்றுக் கிணற்றடியில் செய்து பார்த்தேன். உன் வாப்பா எனக்குப் பைத்தியம் என்று நினைத்து, கையில் துவாயோடு பக்கத்திலேயே நின்றார். எத்தனை செக்கன் வந்தது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அதுவும் சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

நீயும் செய். ஒரு வாளி நிறையத் தண்ணீர் எடு. ஒருவரைப் பக்கத்தில் மணிக்கூட்டோடு நிற்கச் சொல். மூச்சு முட்டும்வரை முகத்தைத் தண்ணீருக்குள் வைத்திரு. தலையைத் தூக்கிய அந்த நொடியே, மூச்சு வாங்குவதற்கு முன், ஐந்து வரை எண்ணிப் பார்.

உம்மா